வியர்க்கும் கேரவன்

டப்பா விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ரென்ஸ்கேவுக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டியான கேரவனைக் குளிர்காலத்துக்குக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள், உள்ளே ஈரம் தங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உப்பு போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வசந்தத்தில் கதவைத் திறந்தால் டப்பாவின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், தெளிவாக, எந்த வாடையும் இல்லாமல். சாக்கடையில் கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இந்த டப்பாவில் இருந்தது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. மேலே எண்ணெய்ப் படலம். படலத்தின் நடுவில் ஒரு நரைமுடி சுருண்டு மிதந்தது. தூக்கும்போது அவளுடைய கட்டைவிரல் உள்ளே பட்டுவிட்டது. மார்ச் மாதக் குளிரில் கொட்டகையில் எல்லாமே சில்லிட்டுக் கிடக்க, அந்தத் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இந்த வருஷம் கொட்டகை சுக்கா காஞ்சு கிடந்துச்சு" என்றான் கொட்டகைக்காரன் பாவ்கே, தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டே. "மத்த வண்டிங்கள்ல ஒரு சொட்டு இல்ல. இதுக்குள்ள மட்டும் யாரோ குடும்பம் நடத்திட்டு இருந்திருக்காங்க போல."

"வாடகை வாங்கினியா அவங்ககிட்ட?" என்று கேட்டான் அவள் கணவன் ஹார்மென்.

கேட்டுவிட்டுச் சிரித்தான். அவளுடைய கணவன் சிரித்தான். ரென்ஸ்கே அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

வண்டியின் பழைய சொந்தக்காரர்கள் லேவார்டன் பக்கம் ஒரு வயதான தம்பதியாம். வாடகை கட்டுவதைத் திடீரென்று நிறுத்திவிட்டார்களாம். கடிதம் போட்டால் திரும்பி வந்ததாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேறு யாரோ குடியிருந்தார்களாம். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுவிடுவது என்று பாவ்கே முடிவு செய்த சமயத்தில்தான் ஹார்மென் வந்து விலை கேட்டான்.

ரென்ஸ்கே உள்ளே ஏறினாள். வாடை அவளை முகத்தில் அறையவில்லை. மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் ஈரத்துணியை மடித்து வைத்த அலமாரியின் வாடை. அதற்கு அடியில் வேறொன்று. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் தலையணையில், காது படும் இடத்தில், முகர்ந்தால் வருமே, அது. பல் துலக்காத வாய், எச்சில் காய்ந்த துணி, மடிப்புகளுக்குள் கழுவாத தோல். அவளுக்கு நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுகிற அந்தத் தண்ணீர்.

அவள் நெதர்லாந்தின் வடகோடியில் இருக்கிற ஃப்ரீஸ்லாந்துக்காரி. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த வாய் காபியைக் குடிக்கிற ஊர் அது. மருமகளின் சமையலிலிருந்து பாதிரியாரின் பிரசங்கம் வரை அவள் சொல்லாமல் விட்டது எதுவும் கிடையாது. இப்போதும் வாயைத் திறந்தாள். நாறுது, வேண்டாம், வா போகலாம். நாலே வார்த்தை.

ஹார்மென் குளிர்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தான். படுக்கையில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தான்.

"என்ன சொல்ற?" என்றான்.

"பரவால்ல" என்றாள் ரென்ஸ்கே.

ஹார்மென் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன். ட்ராக்டனிலிருந்து லேவார்டன், லேவார்டனிலிருந்து ட்ராக்டன். ஒரு நாள்கூட அந்தப் பாதையைத் தாண்டித் திருப்பியதில்லை. ஓய்வு பெற்ற அந்த இலையுதிர்காலத்தில் மாடிக்குப் போய்ப் படுத்தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான், அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், கக்கூஸுக்குப் போ என்றால் போனான், திரும்பி வந்து மறுபடி சுவர். ஒரு வருஷத்துக்கு மேல் ரென்ஸ்கே அவன் முதுகோடு பேசினாள். கடைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் மாடிப்படியின் கீழே நின்று காது கொடுத்துக் கேட்பாள். கட்டில் கிறீச்சிடும் சத்தம் வந்தால்தான் மேலே ஏறுவாள். வராத நாளில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அவன் தானாகக் கீழே இறங்கி வந்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தான். "ஆல்ப்ஸ்" என்றான். "அதுக்கு அந்தப் பக்கமும் போலாம்."

அதனால்தான் அவள் பரவாயில்லை என்றாள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த முதுகை இன்னொரு தடவை அவளால் பார்க்க முடியாது.

ஏப்ரல் முழுக்க பாவ்கேயின் முற்றத்தில் வண்டியைக் கழுவினார்கள். கழுவினாள் என்று சொல்ல வேண்டும். ஹார்மென் கொக்கியையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டான். சோடா, வினிகர், பச்சை சோப்பு எல்லாம் போட்டுச் சுவரைத் தேய்த்தாள். அது மெல்லிய பலகையின் மேல் வெள்ளைப் பூச்சு போட்ட சாதாரணச் சுவர்தான். ஆனால் துணியை அழுத்தி இழுத்தால், குளிக்காத கழுத்தைத் தேய்க்கும்போது அழுக்கு உருண்டு வருமே, அப்படித் திரிதிரியாக வந்தது. சாம்பல் நிறத் திரிகள். விரல் இடுக்கில் ஒட்டின. வெளியே ஓடிப்போய்ப் புல்லில் கையைத் துடைத்தாள். மறுநாள் வந்து தொட்டுப் பார்த்தால் சுவர் மறுபடியும் ஈரமாக இருந்தது. எண்ணெய் வழிகிற நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

மெத்தைகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள். அதை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

"எதுக்கு?" என்றான் ஹார்மென். "ஃபோம் நல்லா இருக்கு. உறையைத் துவைச்சா போதும். நல்ல பொருளை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

இதற்கு ஃப்ரீஸ்லாந்தில் யாரும் பதில் சொல்ல முடியாது. பழைய டூத் பிரஷ்ஷைக் குழாய் இடுக்கு தேய்க்க எடுத்து வைக்கிற ஊர். அவளே நூறு தடவை இதைச் சொல்லியிருக்கிறாள். உறையைக் கழற்றினாள். உள்ளே ஃபோம் தேநீர்க் கறை நிறத்தில் இருந்தது, எல்லா இடத்திலும் அல்ல. சுவரோரமாகச் சுருண்டு கிடந்த ஓர் உடம்பின் அளவுக்கு. அதன் முதுகோடு ஒட்டி இன்னொன்று. இரண்டும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தன. கறையின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். வெதுவெதுப்பாக ஏதோ பொங்கி மணிக்கட்டு வரை ஏறியது. கையை எடுத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது, உறிஞ்சுகிற சத்தத்தோடு.

அன்று மதியம் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து துவைத்த உறையை மறுபடி மாட்டினாள்.

சாயங்காலங்களில்தான் நன்றாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் வரைபடம், காபி, பிஸ்கட் டப்பா. ஹார்மென் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தான். ஜெர்மனியைக் கடந்து பவேரியா, அங்கிருந்து ஆஸ்திரிய மலைகள், ஸ்லோவேனியாவில் இறங்கி ஹங்கேரி, பிறகு ஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலை, பிராக் வழியாகத் திரும்பி வீடு. எந்தக் கணவாயில் கேரவனோடு ஏற விடுவார்கள், எதில் விட மாட்டார்கள், எந்த நாட்டுச் சாலைக்குக் காரின் முன்கண்ணாடியில் என்ன சுங்க ஸ்டிக்கர் ஒட்டவேண்டும் என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். உயரத்தில்தான் தங்குவதாம். காலையில் கதவைத் திறந்தால் பனிமலை தெரிய வேண்டுமாம், வெயில் முகத்தில் விழவேண்டுமாம்.

"உருளைக்கிழங்கு ரெண்டு மூட்டை எடுத்துக்கலாம்" என்பான்.

"ஏன், ஆஸ்திரியாக்காரன் கல்லைத் திங்கிறானா?"

"அவனுது மாவா இருக்கும். நம்மளுது மாதிரி வராது."

"கடலை வெண்ணெய்?"

"அது ஆறு பாட்டில்."

இருவரும் சிரித்தார்கள். ரென்ஸ்கே சிரிக்கும்போதே அவன் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. அவள் பிஸ்கட் டப்பாவை மூடினாள்.

மே மாதம் பிறந்ததும் அவன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பாவ்கேயின் முற்றத்துக்குப் போக ஆரம்பித்தான். வண்டிக்குள் உட்கார்ந்து திட்டம் போட்டால் மூளை நன்றாக ஓடுகிறதாம். இருட்டுகிற நேரத்துக்கு வருவான். வரைபடம் மடிப்புகளில் நைந்து, தொட்டால் நனைந்த அப்பளம் மாதிரி வளையும். சிவப்புக் கோடு பிசிறடித்து ஊறியிருக்கும். அதை அவள் அடுப்புக்கு மேல் கொடியில் காயப்போடுவாள். அப்படிக் காயப்போடும்போது ஒரு நாள் கவனித்தாள். கோடு மாறியிருந்தது. மலை முகடுகளில் போட்டிருந்த வட்டங்களை அழித்திருந்தான். எல்லாம் கீழே இறங்கியிருந்தன, பள்ளத்தாக்குகளுக்கு, ஏரிக்கரைகளுக்கு, ஆற்றுச் சதுப்புகளுக்கு. ஸ்லோவேனியாவில் குகை. ஹங்கேரியில் குளிர்காலத்திலும் ஆவி பறக்கிற வெந்நீர்க் குளம், அங்கே மட்டும் இரண்டு வாரம்.

"பனிமலை பாக்கணும்னு சொன்னியே?"

"வெயிலு ஒத்துக்காது" என்றான்.

"யாருக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்கே புதிது போலிருந்தது. பிறகு மறுபடி பென்சிலைக் கூர்மையாக்கத் தொடங்கினான்.

புறப்படுவதற்கு முன் மூன்று நாள் கேரவனை வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ள நகராட்சி அனுமதிக்கும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலும் யாராவது போன் போட்டுவிடுவார்கள். அந்த மூன்று நாளும் தெருவுக்கே தெரியும், இந்த வீட்டில் பயணம் என்று. வருகிறவர் போகிறவர் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள், எங்கே, எத்தனை நாள், பிரேக் பார்த்தாயிற்றா என்று கேட்பார்கள். ஹார்மென் வண்டியைச் செங்கல் தெருவில் வாய்க்கால் ஓரமாக நிறுத்தினான். முதல் நாள் ஐந்தாறு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் எதிர்ச் சாரியிலேயே நடந்து போனார்கள்.

பக்கத்து வீட்டு யெல்லி மட்டும் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். இருபது வருஷப் பழக்கம், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"ரென்ஸ்கே, உங்க சாக்கடை அடைச்சிருக்கா?"

"இல்லையே."

"அப்ப இந்த வண்டிதான். என்ன செத்துக் கிடக்கு உள்ள?"

"பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்."

யெல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா இப்படிப் பேசுற? என் வீட்டு கர்ட்டனுக்கே நாறுதுன்னு சொன்னவ நீ. அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவன் நல்லா இருக்கான், யெல்லி. எழுந்து நடமாடுறான். பாட்டெல்லாம் பாடுறான்."

"அதுக்கு?"

ரென்ஸ்கே சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

சாமான் ஏற்றுகிற வேலை அவளுடையது. காலையில் இருக்கைக்கு அடியில் வைத்த உருளைக்கிழங்கு மூட்டைக்குள் மாலையில் கை விட்டாள். விரல்கள் உள்ளே போய்விட்டன. தோல் மட்டும் அப்படியே இருந்தது, உள்ளே கூழ். மீதி இருந்தவை முளைவிட்டிருந்தன. வெளிறிய நீளமான முளைகள், சாக்கின் பின்னல் வழியாக வெளியே வந்து, ஜன்னல் வெளிச்சத்தை விட்டுவிட்டு, படுக்கை இருந்த பக்கமாகப் போயிருந்தன. ரொட்டியின் மேல் மயிர் முளைத்திருந்தது. பாலாடைக்கட்டி முத்து முத்தாக வியர்த்திருந்தது. அதன் மேல் பற்கள் பதிந்த ஒரு கடி. மேலே பூசணம் படர்ந்த பிறகு கடித்த கடி.

"நீ தின்னியா இதை?" என்றாள்.

"பசிச்சுது" என்றான் ஹார்மென். வாயோரத்தில் பச்சையாக ஒட்டியிருந்தது. "கழுவி வச்ச மாதிரி இருக்கு உள்ள. நீ ஏன் மூக்கைப் பிடிச்சுட்டே திரியற?"

முதல் நாளிலிருந்தே அவன் அங்கேதான் தூங்கினான். படுத்துப் பழக வேண்டுமாம். குளிக்கவில்லை. மடிப்பு மடிப்பாக ஊறிப்போன விரல்களோடு அவன் அவளுக்குக் காபிக் கோப்பையை நீட்டியபோது, கோப்பையின் காதில் அவனுடைய தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை. அவள் அந்தக் காபியைக் கழுவும் தொட்டியில் ஊற்றி, குழாயைத் திறந்து விட்டு, அது சுத்தமாகப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள் சாயங்காலம் மழை பிடித்தது. வடக்கே மே மாதப் பொழுது நீளம், சாப்பாடு முடிந்தும் வெளியே வெளிச்சம் இருந்தது, பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில். ஹார்மென் சாப்பிட வரவில்லை. ரென்ஸ்கே பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக்கையைத் துடைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வண்டி நாறுது, உனக்கு என்னவோ ஆகுது, நான் வரலை, நீயும் போகலை. மலைக்குப் பஸ்ஸில் போகலாம். ரயிலில் போகலாம். அவன் மறுபடி படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். முதுகாக இருந்தாலும் அது அவனுடைய முதுகு.

தெருவில் யாரும் இல்லை. வாய்க்காலில் மழை விழுகிற சத்தம், எங்கோ கொட்டகையில் ஒரு ஆட்டின் இருமல், அவளுடைய மரச்செருப்பு செங்கல்லில் படுகிற சத்தம். கேரவனின் ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கமாக வெளுத்து மூடியிருந்தன. கதவின் கைப்பிடி சூடாக இருந்தது. திறந்தாள். உள்ளிருந்து காற்று வெளியே வந்தது, அவள் முகத்தின் மேல், நீளமாக. நின்றது. பிறகு அவளைத் தாண்டி உள்ளே போனது. அவளுடைய கூந்தல் முன்னால் பறந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். மழைக்காற்று.

உள்ளே விளக்கு இல்லை. சுவர்களில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தரை மெத்தென்று இருந்தது. மேசையில் வரைபடம், இல்லை, வரைபடம் இருந்த இடத்தில் ஒரு கூழ். சிவப்புக் கோடு மட்டும் அதில் நரம்பு மாதிரி ஓடியது. கடைசியில், படுக்கையில், ஹார்மென்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அவளுக்கு முதலில் நாற்றம் மறந்துபோனது. பயமும் மறந்துபோனது. அந்த முதுகு. அந்த வளைவு. ஒரு வருஷம் பார்த்த அதே முதுகு. எல்லாம் வீண் என்று நினைத்தாள்.

"ஹார்மென்" என்றாள். "ஏ கிழவா. எழுந்திரு."

அவன் தோளைத் தொட்டாள். சட்டை ஊறியிருந்தது. இழுத்தாள். அவன் திரும்பினான், மெதுவாக, கஷ்டப்பட்டு. அவனுடைய கன்னம் சுவரிலிருந்து சட்டென்று வரவில்லை. கன்னத்துக்கும் சுவருக்கும் நடுவே கம்பிப் பதத்துப் பாகு மாதிரி இழை இழையாக நீண்டது. ஓர் இழை அறுந்து அவன் உதட்டில் விழுந்தது. நாக்கால் எடுத்துக்கொண்டான்.

அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம்.

"வந்துட்டியா" என்றான். "நீ வருவேன்னு சொல்லிட்டே இருந்தேன்."

"யார்கிட்ட?"

"படுத்துப் பாரு, ரென்ஸ்கே."

"ஹார்மென், இங்க நாறுது. எனக்குக் குடலைப் புரட்டுது. முதல் நாள்லேருந்து நாறுது. நான் சொல்லலை. தப்பு பண்ணிட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

சொல்லிவிட்டாள். சொல்லிய கணத்திலேயே அவன் முகம் அணைந்தது. கண் முதலில், பிறகு வாய். அவளுக்குத் தெரிந்த அந்த வெற்று முகம், மாடியறையின் முகம், தோலுக்கு அடியிலிருந்து மேலே வந்தது.

"வீட்ல ஒண்ணும் இல்ல" என்றான். "வீட்ல இருந்தா நான் செத்துருவேன். நீ தனியா மேல ஏறி வந்து பாப்ப. இங்க எனக்கு அது இல்ல. இங்க எதுவுமே கஷ்டமா இல்ல." கையை நீட்டினான். விரல் நுனிகளில் தோல் இல்லை. "ஒரு ராத்திரி. எனக்காக."

மழை கூரையில் விழுந்தது. கதவு பின்னால் திறந்துதான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் தெரு. யெல்லியின் சமையலறை விளக்கு. உலர்ந்த, சுத்தமான, சோப்பு வாசனை அடிக்கிற தெரு.

அவள் மாடிப்படியின் கீழே நின்ற நாட்களை நினைத்தாள்.

செருப்பைக் கழற்றினாள்.

மெத்தை அவளை வாங்கிக்கொண்டது. வெதுவெதுப்பு. முதுகு நனைந்தது. கழுத்து. காதுக்குள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூக்கு வழியாக வந்தது. குமட்டியது. விழுங்கினாள். மறுபடி குமட்டியது. விழுங்கினாள். ஹார்மென் அவளை அணைத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான். மெதுவாக, அன்பாக. சுவர் முகத்துக்கு அருகில். துளைகள். தோலில் இருக்கிற மாதிரி நுண்ணிய துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி. சுவர் வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.

கன்னத்தில் பட்டது.

கத்த வாயைத் திறந்தாள். அதுதான் தப்பு.

காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. ரென்ஸ்கே நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். உடம்பு லேசாக இருந்தது. ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். எந்த வாடையும் இல்லை. மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது போலிருக்கிறது. இத்தனை நாள் எதற்காக அந்தப் பாடு பட்டோம் என்று தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டாள். ஹார்மென் பாட்டுப் பாடிக்கொண்டே கேரவனைக் காரில் கொக்கி போட்டான்.

யெல்லி வழியனுப்ப வந்தாள், கையில் உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய்ப் பொட்டலத்தோடு. வேலிக்கு அருகிலேயே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. பிரிவதற்கு இவ்வளவு வருத்தப்படுவாள் என்று ரென்ஸ்கே எதிர்பார்க்கவில்லை. அவளே எட்டிப் போய், ஊர் வழக்கப்படி மூன்று முத்தம் கொடுக்கக் குனிந்தாள். வலக் கன்னம். யெல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். இடக் கன்னம். மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பியபோது இருவர் கன்னங்களுக்கும் நடுவே ஏதோ ஒட்டி, நீண்டு, வெயிலில் மினுங்கியது.

யெல்லி அவளைத் தள்ளினாள். மிட்டாய்ப் பொட்டலம் கீழே விழுந்து சிதறியது. வாய்க்கால் ஓரத்துக்கு ஓடி, மண்டியிட்டு, ஓங்கரித்தாள். ஒரு கையால் கன்னத்தைப் புல்லில் தேய்த்தாள், தோல் சிவக்கும் அளவுக்குத் தேய்த்தாள்.

"பாவம்" என்றாள் ரென்ஸ்கே, காரில் ஏறிக்கொண்டே. "அவளுக்கு வயிறு சரியில்ல."

"பெல்ட் போட்டுக்கோ" என்றான் ஹார்மென். கார் நகர்ந்தது. கொக்கி இறுகியது. பின்னால் எதுவோ சுகமாக அசைந்து கொடுத்தது. "கண்ணாடியில பாரு, பின்னால எல்லாம் சரியா வருதா?"

ரென்ஸ்கே கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். கேரவனின் முன் ஜன்னல் முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலின் அடியிலிருந்து மேல் விளிம்பு வரை ஒரு பட்டை துடைபட்டது. உள்ளங்கை துடைத்தால் அப்படி வராது. அகலமாக, நிதானமாக, ஒரே இழுப்பில். ஜன்னலில் அது அழுந்திப் போனபோது வெளிறிய இளஞ்சிவப்பும், அதன் மேல் மாட்டு நாக்கில் இருக்கிற மாதிரி அடர்ந்த சிறு முட்களும் தெரிந்தன.

"ஜோரா வருது" என்றாள். "போ."

தெரு முனையில் ஹார்மென் ஜெர்மனிப் பக்கம் திருப்பினான். கேரவன் ஜன்னலில் ஆவி மறுபடி படிந்தது. பட்டை மறுபடி கீழிருந்து மேலே ஏறியது. தாகமாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள் ரென்ஸ்கே. எல்லை தாண்டியதும் முதலில் தென்படுகிற நிழலில் நிறுத்தச் சொல்லவேண்டும், உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கூடப் படுக்கவேண்டும்.